நகையை மாற்றி வைக்கும்போதெல்லாம் ஷெட்டுக்கு ஒரு வண்டி வருகிறது

கேள்வி: எனக்கு வயது 44. கோவை கணபதியில் பம்ப் தயாரிக்கும் நிறுவனமொன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 14,500 போகிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் கல்லூரிச் செலவுக்காக மாதம் 6,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) போடுகிறேன். மூன்று ஆண்டுகளாக வீட்டுக் கார் ஷெட்டில் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிச் சீரமைத்து விற்று வருகிறேன். எட்டு வாங்கி நான்கை விற்றதில், வண்டிக்குச் சராசரியாக 22,000 ரூபாய் நின்றது. இப்போது ஷெட்டில் வேலை முடித்த ஆர்.எக்ஸ். 100 இரண்டும், பாதியில் நிற்கும் ராஜ்தூத் ஒன்றும், 1969-ஆம் ஆண்டு ஜாவா ஒன்றும், மைத்துனரின் புல்லட்டும் நிற்கின்றன. ஜாவாவின் ஆர்.சி. இறந்துபோன பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. அவருடைய மகன்களில் ஒருவர்தான் எனக்கு விற்றார். மனைவியின் ஏழரைப் பவுன் நகை 12 விழுக்காடு வட்டிக்கு அடகில் உள்ளது. முதல் ஆண்டு 1,60,000, இரண்டாம் ஆண்டு 2,90,000, இப்போது 4,20,000 ரூபாய். வட்டியை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. வீட்டுக்கடன் கொடுத்த வங்கி 9 விழுக்காட்டில் 6 லட்சம் டாப்-அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) தருவதாகச் சொல்கிறது. அதை வாங்கி நகையை மீட்டு, மீதியில் ஷெட்டை நீட்டி லிஃப்ட், கம்ப்ரசர், பெயின்ட் அறை போட நினைக்கிறேன். அதற்காக எஸ்.ஐ.பி.யை நிறுத்தலாமா? பழைய வண்டிகளை மின்சார வண்டியாக மாற்றும் கிட்டுக்கு ஒன்றரை லட்சம் டெபாசிட் கட்டி ஏஜென்சி எடுக்கச் சொல்லி ஒரு நண்பரும் அழைக்கிறார். சென்ற முறை நகையை மாற்றி வைக்கும்போது மனைவி ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஷெட் படத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பெட்ரோல் டேங்க், எவர்சில்வர் டிபன் பாக்ஸில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்த கார்புரேட்டர் ஜெட்டுகள், சுவரில் அளவு வாரியாக மாட்டிய ஸ்பானர்கள் எல்லாம் வேலை தெரிந்தவரின் இடம் அது என்று சொல்கின்றன. என் தந்தையார் வைத்திருந்த விஜய் சூப்பர் ஸ்கூட்டரைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டதை நினைத்து இன்றும் வருந்துகிறவன் என்ற முறையில், உங்கள் ஆசையைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆகவே வண்டிகளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, உங்கள் கடிதத்தில் சில வரிகளில் கடந்து சென்ற நகைக்கடனைப் பற்றிப் பேசுகிறேன்.

நகை மூன்று ஆண்டுகளாக அதே ஏழரைப் பவுன்தான். அதன் மீதான கடன் மட்டும் 1,60,000-இலிருந்து 4,20,000 ஆகியிருக்கிறது. தங்கத்தின் விலை ஏறியதால், ஒவ்வொரு ஆண்டும் மாற்றி வைக்கப் போகும்போது கவுண்டரில் இருப்பவர் இதே நகைக்கு இன்னும் இவ்வளவு தரலாம் என்று சொல்லியிருப்பார். நீங்களும் அடுத்த வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்கிவந்திருப்பீர்கள். விற்ற நான்கு வண்டிகளின் பணத்தில் ஒரு ரூபாயாவது அசலுக்குப் போனதாக உங்கள் கணக்கில் தெரியவில்லை. வட்டியைத் தவறாமல் கட்டியதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒழுங்குதான் இவ்வளவு நாளும் உங்கள் கண்ணை மறைத்தது என்பது என் கருத்து.

கணக்கைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 12 விழுக்காட்டில் முதல் ஆண்டு வட்டி 19,200, இரண்டாம் ஆண்டு 34,800, மூன்றாம் ஆண்டு 50,400 என மொத்தம் 1,04,400 ரூபாய். நான்கு வண்டிக்கு 22,000 வீதம் உங்களுக்கு நின்ற லாபம் 88,000. ஆக, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் ராத்தூக்கத்தையும் கொடுத்து, அதன் மேல் 16,400 ரூபாயைச் சம்பளத்திலிருந்தும் எடுத்து அடகுக் கடைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பிஸ்டன், லேத் கூலி, பட்டி பார்த்தது, குரோம் பிளேட்டிங் என்று பைசா விடாமல் எழுதி அனுப்பிய கணக்கு நோட்டில், வட்டி என்ற தலைப்பே இல்லாததுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

அந்த 4,20,000 எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் உங்கள் நோட்டிலேயே இருக்கிறது: ஆர்.எக்ஸ். 100 இரண்டில் 83,000 வீதம் 1,66,000, ஜாவாவில் 1,10,000, மைத்துனர் புல்லட்டின் உதிரிபாகங்களில் 68,000, ராஜ்தூத்தில் 31,000, கருவிகளில் 45,000. கூட்டினால் கடன் தொகை அப்படியே வருகிறது. உங்கள் மனைவியின் சங்கிலியும் வளையலும் அந்த ஷெட்டில்தான் வண்டிகளாக நிற்கின்றன.

முதலில் அந்த இரண்டு ஆர்.எக்ஸ். 100. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரைதான் அந்த வண்டியைத் தயாரித்தது. இனி வரப்போவதில்லை, ஆகவே விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினோரு மாதங்களுக்கு முன்பு ஒருவர் வண்டிக்கு 98,000 கேட்டும், 1,20,000-க்குக் குறைத்துத் தருவதில்லை என்று அனுப்பிவிட்டீர்கள். 98,000 ரூபாய்க்கு மாத வட்டி 980. இன்னும் பதினோரு மாதம் காத்திருந்து நீங்கள் கேட்ட விலையே கிடைத்தாலும், இருபத்திரண்டு மாத வட்டி 21,560 ரூபாயைக் கழித்தால் 98,000-க்கு விற்றிருந்தால் எங்கே நின்றிருப்பீர்களோ அங்கேதான் நிற்பீர்கள். இதற்கிடையில் டயர் வெடிப்பு விடும், டேங்கில் துரு பிடிக்கும், வயதும் கூடும். இருபது ஆண்டு கடந்த இருசக்கர வாகனத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள் என்பதையும் வாங்க வருகிறவர் விலை பேசும்போது சொல்லத்தான் செய்வார். கைமாற்றுச் சந்தையில் விலை ஏறுவது உண்மைதான். சொந்தப் பணத்தில் வாங்கி நிறுத்தியவருக்கு அந்த ஏற்றம் கிடைக்கும். அடகுப் பணத்தில் நிறுத்தியவருக்கு அதில் பெரும்பகுதி வட்டியாகக் கரையும். இரண்டையும் இந்த மாதமே 95,000 வீதம் விட்டுவிடுங்கள்.

மைத்துனர் விஷயத்தில் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், 'மாமா, நம்ம வண்டிதானே, காசுக்கென்ன அவசரம்' என்று அவர் சொல்லி ஒன்றேகால் வருடமாகிறது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய புல்லட்டுக்கு வாங்கிய கிராங்க்கும் சைலன்சரும் தம் அக்காவின் வளையலிலிருந்து வந்தவை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கூலியைக் கேட்க வேண்டாம். உறவுக்காக அதை விட்டுவிடலாம். 68,000 ரூபாய்க்கான பில்களையும் அடகுச் சீட்டின் நகலையும் அவர் முன்னால் வைத்து, பணம் வந்தவுடன் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அந்த உரையாடலின்போது உங்கள் மனைவி உடனிருப்பது நல்லது.

ராஜ்தூத்தை இருக்கிற நிலையிலேயே 22,000-க்குக் கொடுத்துவிடுங்கள். அதில் 9,000 நட்டம்தான்; ஆனால் முடிப்பதற்கு இன்னும் 30,000 போடும் நிலையில் நீங்கள் இல்லை.

ஜாவாவை இப்போதைக்கு விற்க முடியாது. ஆர்.சி.யில் உள்ளவர் இறந்துவிட்ட நிலையில், வாரிசுச் சான்றிதழில் உள்ள மற்றவர்களின் ஒப்புதலும் இல்லாமல் ஒரு மகன் தந்த ரசீதை வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற இயலாது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டி என்பதால் 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு எடுத்தால் விலை பறக்கும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதிவுக்கான கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவோ தொழிலுக்குப் பயன்படுத்தவோ கூடாது. காகிதம் சரியாகும்வரை அதில் இனி ஒரு ரூபாயும் போட வேண்டாம். 1,10,000 ரூபாய்க்கு வாங்குமுன் ஆர்.சி.யைப் பார்த்திருக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஆர்.எக்ஸ். 100 இரண்டில் 1,90,000, மைத்துனரிடமிருந்து 68,000, ராஜ்தூத்தில் 22,000, ஆக 2,80,000 ரூபாயும் அசலுக்கே போனால் கடன் 1,40,000-க்கு இறங்கும். இன்று வட்டிக்கென்று சராசரியாக மாதம் 4,200 ஒதுக்குகிறீர்கள். அதே தொகையைத் தொடர்ந்து கட்டினால், முதல் மாதத்திலேயே 1,400 வட்டிக்கும் 2,800 அசலுக்கும் போகும். அதோடு 36,000 ரூபாய் தீபாவளி போனஸையும் இரண்டு முறை சேர்த்தால் இரண்டு ஆண்டுக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். இதில் மகளின் எஸ்.ஐ.பி.யைத் தொட வேண்டிய அவசியமே எழவில்லை, தொடவும் கூடாது.

டாப்-அப் கடனைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இதன்பிறகு நீண்ட பதில் தேவையில்லை. வட்டி 12-இலிருந்து 9 ஆகக் குறைகிறது என்பது மட்டும்தான் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. 6 லட்சத்தைப் பத்தாண்டில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 7,600 வரும். உங்கள் பட்டறை மூன்று ஆண்டில் ஈட்டியதைச் சராசரி போட்டால் மாதம் 2,450-ஐத் தாண்டவில்லை. நகைக்கடன் கட்டத் தவறினால் நகை போகும். இதில் தவறினால் வீட்டின் மீது கை வைப்பார்கள். மேலும் நகை மீண்டு வந்த மறுவாரமே அது மறுபடியும் அடகுக்கு ஏற்ற நிலையில் பீரோவில் இருக்கும் என்பதும் உங்கள் பழைய வழக்கத்தைப் பார்க்கையில் எனக்குக் கவலை தருகிறது. லிஃப்ட்டும் பெயின்ட் அறையும் மாதம் நான்கு வண்டி முடிக்கிறவருக்குப் பயன்படும். நீங்கள் ஆண்டுக்கு ஒன்றரை வண்டிகூட விற்கவில்லை; பெயின்ட்டை இப்போதுபோல வெளியே கொடுத்து வாங்குவதே மலிவு. தொழிலாகவே நடத்துவதென்றால் வீட்டு மின் இணைப்பில் வெல்டிங் மெஷின் ஓட்டுவதையும் நிறுத்தி அதற்குரிய இணைப்பு வாங்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

மின்சார கிட் ஏஜென்சிக்காரர்களின் கடிதங்கள் எனக்கு இப்போது வாரம் ஒன்று வருகின்றன. அந்த கிட்டுக்கு உரிய சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் இருக்க வேண்டும், பொருத்திய பிறகு ஆர்.சி.யிலும் மாற்றம் பதிய வேண்டும். உங்கள் வண்டி மாடல்களுக்கான ஒப்புதல் சான்றை முதலில் காட்டச் சொல்லுங்கள்; காட்டினாலும் அடகில் நகை இருக்கும்வரை டெபாசிட் கட்ட வேண்டாம். ஆர்.எக்ஸ். 100-இன் சத்தத்துக்காகவே காசு கொடுக்கிறவர்களிடம் சத்தமில்லாத ஆர்.எக்ஸ். 100-ஐ எப்படி விற்பீர்கள் என்றும் நண்பரைக் கேளுங்கள்.

இனி புது வண்டி வாங்குவதற்கு ஒரு தனி சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். நகை மீண்ட பிறகு அதில் மாதம் 4,200 போட்டு, அந்தக் கணக்கில் இருக்கும் பணத்துக்குள் ஒரே ஒரு வண்டி வாங்கி, அதை விற்ற பணம் கணக்குக்குத் திரும்பிய பிறகே அடுத்ததைப் பாருங்கள்.

நகையை மாற்றி வைக்க அடுத்த மாதம் 14-ஆம் தேதி கெடு என்று எழுதியிருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சொந்தத் தேவைக்கான நகைக்கடனில் இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 விழுக்காடும், ஐந்து லட்சம் வரை 80 விழுக்காடும் தரலாம் என்று ஆகியிருப்பதால், கவுண்டரில் இம்முறையும் கூடுதல் தொகை சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லி, வட்டியோடு, அதற்குள் சேர்ந்த பணத்தை அசலுக்கும் கட்டிவிட்டு, சங்கிலிக்கு ஒரு சீட்டும் வளையல்களுக்கு ஒரு சீட்டுமாகத் தனித்தனியே அடகை எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் முழுக் கடனும் தீரும்வரை காத்திருக்காமல் வளையல்களை முன்னதாகவே மீட்டுக்கொள்ளலாம். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள்.