புது கார்டு மாட்டியும் எஃப்பிஎஸ் கூடவில்லையா? முதலில் ரேமைப் பாருங்கள்

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரையில் இருக்கிறேன். 2022-ல் தென்காசியில் அசெம்பிள் செய்து வாங்கிய பிசி. ரைசன் 5 5600ஜி பிராசசர், பி450 போர்டு, 8 ஜிபி ரேம் ஒன்று, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். இதுவரை ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு இருந்தது. போன மாதம் புனலூரில் ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கி நானே மாட்டினேன். வாலரண்ட் கேமில் எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை) கொஞ்சம்கூட ஏறவில்லை. ஜிடிஏ 5 முன்பைவிடத் திக்கித் திக்கி ஓடுகிறது. எஸ்எம்பிஎஸ்-ஐ 650 வாட்டாக மாற்றினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். கார்டு பழுதா, எஸ்எம்பிஎஸ் போதவில்லையா?

பதில்: எஸ்எம்பிஎஸ் வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். எழுதியிருப்பதைப் பார்த்தால் கார்டும் பழுதானதாகத் தெரியவில்லை. வேலை வந்து சேராமல் அது சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. முதல் சந்தேகம் அந்த ஒற்றை 8 ஜிபி ரேம் மேல்தான்.

கரண்ட் போதாத கம்ப்யூட்டர் அதை வேறு விதமாகக் காட்டும். விளையாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணையும், தானாக ரீஸ்டார்ட் ஆகும், அல்லது திரை கறுத்துப்போய் கார்டு ஃபேன் மட்டும் முழு வேகத்தில் இரையும். எஃப்பிஎஸ் மட்டும் குறைந்து, மற்றபடி மணிக்கணக்கில் ஓடுகிறது என்றால் கோளாறு அங்கே இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கணக்கும் அதையே சொல்கிறது. 4060 எடுப்பது 115 வாட். 5600ஜி முழு வேகத்தில் 88 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 60 வாட் என்று வைத்தாலும் மொத்தம் 270-ஐத் தாண்டாது. என்விடியா 550 வாட் என்று போட்டிருப்பது மட்டமான எஸ்எம்பிஎஸ்-களையும் மனதில் வைத்துத்தான். உங்களுடையதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 30 ஆம்பியர் என்றால் 360 வாட், தாராளம். 18, 20 என்று இருந்தாலோ, கார்டுக்கான 8 பின் கேபிளே எஸ்எம்பிஎஸ்-இல் இல்லாமல் சாட்டா (ஹார்டு டிஸ்குக்கான) கேபிளிலிருந்து கன்வெர்ட்டர் போட்டிருந்தாலோ, அப்போது மாற்றத்தான் வேண்டும். சாட்டா பவர் முனை 54 வாட் வரைக்கும்தான் தாங்கும். 8 பின்னில் 150 வாட் வரை கேட்க இடமுண்டு. அந்தக் கன்வெர்ட்டர் உருகித் தீப்பிடிக்கும் ஆபத்து நிஜமானது, எஃப்பிஎஸ் நன்றாக வந்தாலும் அதை விட்டுவைக்காதீர்கள்.

இனி உண்மையான காரணத்துக்கு வருவோம். பிரானூர் பார்டர் பரோட்டாக் கடையில் நின்று பார்த்திருப்பீர்கள். ஒருவர் மாவை வீசிச் சுற்றிக் கொடுப்பார், இன்னொருவர் கல்லில் போட்டு எடுப்பார். கல்லை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும், வீசுகிற கை நிமிடத்துக்குப் பத்து கொடுத்தால் இலைக்கு வருவதும் பத்துதான். கேமில் ஒவ்வொரு ஃபிரேமையும் தயார் செய்து கொடுப்பது பிராசசர், வரைந்து முடிப்பது கார்டு. மாவு உருண்டைகளை அடுக்கி வைக்கும் மேசை ரேம். நீங்கள் பெரிய கல் வாங்கியிருக்கிறீர்கள். மேசை பழைய சின்ன மேசை.

ஊகத்தை விட்டுவிட்டு அளந்தே பார்த்துவிடலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும் அதோடு வரும் ரிவாட்யூனரையும் இன்ஸ்டால் செய்யுங்கள். எந்தக் கம்பெனி கார்டுக்கும் வேலை செய்யும், இலவசம். மானிட்டரிங் பகுதியில் ஜிபியு (அதாவது கார்டு) யூசேஜ், ஜிபியு பவர், ஜிபியு டெம்பரேச்சர், சிபியு (பிராசசர்) யூசேஜ், ரேம் யூசேஜ் இந்த ஐந்தையும் திரையில் காட்டும்படி டிக் செய்துவிட்டு கேமைத் திறங்கள். ஜிபியு யூசேஜ் 97, 98 என்று நின்றால் கார்டு தன் முழு பலத்தில் உழைக்கிறது. 40, 50-இல் தடுமாறி, பவரும் 50, 60 வாட்டில் நின்றால் கார்டு காத்திருக்கிறது. அந்த நேரத்தில் ரேம் கிட்டத்தட்ட முழுதும் நிரம்பி நின்றால் விடை கிடைத்துவிட்டது.

இன்னொரு சோதனைக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். கேமில் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். கார்டுதான் தடை என்றால் எஃப்பிஎஸ் துள்ளி ஏறும். அப்படியே நின்றால் தடை பிராசசர், ரேம் பக்கம். ஆனால் அதற்கு முன் வி-சிங்க் (எஃப்பிஎஸ்-ஐ மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடுவது), கேமுக்குள் இருக்கும் எஃப்பிஎஸ் லிமிட், என்விடியா கன்ட்ரோல் பேனலில் இருக்கும் மேக்ஸ் ஃபிரேம் ரேட் மூன்றையும் அணைத்திருக்க வேண்டும். கார்டு மாற்றியதும் விண்டோஸ் மானிட்டரை 60 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிவிடுவதும் சகஜம். டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு போய் 144 என்று இருக்கிறதா என ஒரு முறை பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் வி-சிங்க் இருந்தால் எந்தக் கார்டு போட்டாலும் 60-ஐத் தாண்டாது.

ரேம் விஷயத்தில் உங்கள் பிசியில் இரண்டு குறைகள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது அளவு. 5600ஜி-யில் உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால், போர்டு அதற்கென்று ரேமிலிருந்து ஒரு பங்கை எடுத்து வைக்கலாம். பயாஸ் (போர்டின் அடிப்படை செட்டிங் பக்கம்) எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து அது 512 எம்பியாகவும் இருக்கும், 2 ஜிபியாகவும் இருக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் கீழே ஹார்டுவேர் ரிசர்வ்டு என்று ஒரு வரி வரும், அதுதான் இந்தப் பங்கு. 2 ஜிபி போய்விட்டால் மிச்சம் 6. அதில் விண்டோஸும் குரோமும் டிஸ்கார்டும் உட்கார்ந்தபின் ஜிடிஏ 5-க்கு எங்கே இடம்? இடமில்லாததை விண்டோஸ் டிஸ்கில் எழுதி, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. வண்டி தெருமுனை திரும்பும்போது ஒரு நொடி உறைகிறதே, அந்தத் திக்கல் இதுதான். ‘முன்பைவிட மோசம்’ என்றதற்கும் காரணம் ஊகிக்கலாம். புது கார்டு கையில் வந்ததும் டெக்ஸ்சரை எல்லாம் வெரி ஹைக்கு ஏற்றியிருப்பீர்கள். கார்டின் 8 ஜிபியில் அது கொள்ளும். ஆனால் கார்டுக்குப் போகும் வழியில் ரேமிலும் இடம் கேட்கும்.

இரண்டாவது குறை ஒற்றைச் சேனல். 3200 வேக ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபிதான் போகும். இரண்டாகப் போட்டால் 51.2. அதுவும் 5600ஜி-க்கு இது அதிகமாகவே உறைக்கும், ஏனென்றால் இதன் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக மெமரி) 16 எம்பி. ஜி இல்லாத 5600-இல் அது 32 எம்பி. கேஷ் சின்னதாக இருக்கும் பிராசசர் அடிக்கடி ரேமிடம் ஓட வேண்டியிருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது, இருப்பதைப் போலவே இன்னொரு 8 ஜிபி. அதே பிராண்ட், அதே வேகம், அதே சிஎல் எண் (ரேமின் தாமத அளவு) கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழையதை விற்றுவிட்டு 8 ஜிபி ஜோடியாக வரும் கிட் வாங்குங்கள், வெவ்வேறு ரேம்களை ஒட்டவைத்து அவதிப்பட வேண்டாம். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும், அதாவது ஏ2, பி2. மாட்டும்போது இரு முனைகளிலும் ‘டிக்’ சத்தம் கேட்க வேண்டும். ஒரு முனை மட்டும் உட்கார்ந்தால் பிசி ஆன் ஆகும், திரை வராது. உங்கள் பக்கம் சாரல் மாதங்களில் ஈரக்காற்று அதிகம் என்பதால் பழைய ரேமின் தங்கக் கால்களில் மங்கல் படிந்திருக்கலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள். ரப்பர் வைத்துத் தேய்க்கிற வழக்கம் கடைகளில் உண்டு. அவசரத்துக்கு மெதுவாக ஒரு முறை செய்யலாம், அடிக்கடி செய்தால் முலாம் போய்விடும்.

மாட்டியதும் பயாஸில் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யுங்கள். சில போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி. இதைச் செய்யாமல் விட்டால் 3200 என்று விற்ற ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் வேகம் 3200, ஸ்லாட் யூஸ்டு 2 என்று காட்டினால் சரி. அதே பயாஸில் யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் என்று இருப்பதை (முன்பு சொன்ன அந்தப் பங்கு இதுதான்) மிகக் குறைந்த அளவுக்கு வையுங்கள், அல்லது இன்டகிரேட்டட் கிராபிக்ஸையே அணைத்துவிடுங்கள்.

அணைப்பதற்கு முன் பிசியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? சில 1650 கார்டுகளில் டிவிஐ முனை இருந்தது. 4060 கார்டுகளில் வழக்கமாக டிஸ்ப்ளே போர்ட்டும் எச்டிஎம்ஐ-யும் மட்டும்தான். பழைய டிவிஐ கேபிள் வைத்திருப்பவர்கள் இடம் தேடி போர்டின் முனையில் செருகிவிடுவார்கள். 5600ஜி-யில் படம் வந்துவிடும் என்பதால் தவறே தெரியாது, 4060 வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். டிஸ்ப்ளே போர்ட் கேபிள் ஒன்று வாங்கி கார்டிலேயே செருகுங்கள்.

கார்டு உட்கார்ந்திருப்பதையும் உறுதி செய்துகொள்ளலாம். ஜிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரிக்கு எதிரே கேள்விக்குறி இருக்கும். அதை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் எக்ஸ்8 3.0 என்று காட்ட வேண்டும். 4060 எட்டு லேன் (டேட்டா போகும் பாதை) கார்டு, 5600ஜி தருவது கார்டு ஸ்லாட்டின் வேகத் தரத்தில் பிசிஐஇ 3.0. அதனால் எக்ஸ்16 வரவில்லையே, 4.0 வரவில்லையே என்று பதற வேண்டாம், இழப்பு மிகச் சிறிது. சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டுவது மின்சாரச் சிக்கனத்துக்காக. ஆனால் டெஸ்ட் ஓடும்போதும் எக்ஸ்4 2.0 என்று வந்தால் கார்டு கீழே உள்ள இரண்டாவது ஸ்லாட்டில் இருக்கிறது. பி450-இல் அந்த ஸ்லாட் நொடிக்கு 2 ஜிபிக்கு மேல் கொடுக்காது. மேல் ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். மேல் ஸ்லாட்டிலேயே எக்ஸ்1, எக்ஸ்4 வந்தால் கார்டின் வால் பக்கம் முழுதாக இறங்கவில்லை. கேபினட்டின் பின் திருகைத் தளர்த்தி, கார்டை அழுத்தி, ஸ்லாட்டின் பூட்டு மேலேறியதைப் பார்த்தபின் திருகை முறுக்குங்கள். பிசியை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

டிரைவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4060 வெளிவந்தது 2023 ஜூனில். அதற்கு முந்தைய டிரைவருக்கு இந்தக் கார்டு யாரென்றே தெரியாது. டிடியு என்ற டிரைவர் நீக்கும் சாஃப்ட்வேரை வைத்து சேஃப் மோடில் பழையதைத் துடைத்து, புதியதைப் போடுங்கள். புது டிரைவர் போட்டதும் முதல் அரை மணி நேரம் கேம்கள் ஷேடரை (படம் வரைவதற்கான சின்ன புரோகிராம்களை) புதிதாகச் சேர்த்துக்கொள்ளும், அப்போது திக்கும். தீர்ப்பை இரண்டாவது முறை விளையாடும்போது எழுதுங்கள்.

ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுக விடும் வசதி) ஆன் செய்யுங்கள் என்று பலரும் சொல்வார்கள். அதற்கு பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய பூட் முறையை) அணைக்க வேண்டும். விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் அதன்பின் பூட் ஆகாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் ஜிபிடி (புதிய முறை) என்று பார்த்தபின் கை வையுங்கள். உங்கள் பிரச்சினைக்கு அது மருந்தும் அல்ல.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். ரேம் போட்டதும் ஜிடிஏ 5-இன் திக்கல் நிற்க வேண்டும், டெக்ஸ்சர், நிழல் எல்லாம் உயர்த்தி வைத்தாலும் எஃப்பிஎஸ் தாங்கும். வாலரண்ட்டில் ஓரளவு ஏறும், மூன்று மடங்கு ஆகாது. 1080பி-யில் வாலரண்ட் முழுக்க பிராசசரை நம்பியிருக்கும் கேம். அதில் இன்னும் வேண்டுமென்றால் பின்னாளில் இதே போர்டில் 5700எக்ஸ்3டி பிராசசர் போட வழியிருக்கிறது, பயாஸ் அப்டேட் செய்தால் போதும்.

இவ்வளவும் செய்தபின் கார்டைத் தனியாகச் சோதிக்க ஸ்டீமில் 3டிமார்க் டெமோவை இறக்கி அதிலுள்ள டைம் ஸ்பை டெஸ்டை ஓட்டுங்கள். மொத்த ஸ்கோரை விட்டுவிட்டு கிராபிக்ஸ் ஸ்கோரை மட்டும் பாருங்கள். 10,000-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வந்தால் கார்டு ஆரோக்கியம். 7,000-க்குக் கீழே நின்று, ஜிபியு யூசேஜும் 98 என்று இருந்தால் மட்டுமே கார்டைச் சந்தேகப்படலாம். அப்போது அந்த ஸ்கோர் திரையைப் படமெடுத்து, நண்பர் பிசி ஒன்றிலும் மாட்டி அதே டெஸ்டை ஓட்டி, இரண்டு படங்களோடும் பில்லோடும் புனலூருக்குப் போங்கள். பில்லில் கார்டின் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள், இல்லையென்றால் கடையில் இப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.