சிங்கப்பூரில் வேலைக்குப் போய்க்கொண்டே குதிரையேற்றம், வீட்டுக் கணினி எனப் பல பொழுதுபோக்குகளை வைத்துக்கொள்ள முடியுமா?

முழுநேர வேலையில் இருந்துகொண்டு குதிரையேற்றம், கணினி, செடி வளர்ப்பு என்று ஒன்றோடொன்று ஒட்டாத ஆசைகளை வைத்திருப்பது சரியா, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் விட வேண்டாம். ஒவ்வொன்றும் நமக்காகக் காத்திருக்குமா, காத்திருக்காதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குதிரை காத்திருக்காது. வெயில் ஏறுவதற்குள் சவாரி முடிய வேண்டும் என்பதால், சனிக்கிழமை விடியற்காலையை முழுதாக அதற்கே கொடுத்திருக்கிறேன். சேணத்தில் உட்காரும் நேரம் கொஞ்சம்தான். அதற்கு முன்னால் உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். நான்கு கால்களையும் தூக்கி, குளம்பில் சிக்கிய மண்ணையும் கல்லையும் குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கிச் சுரண்டி எடுக்க வேண்டும். சவாரி முடிந்ததும் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிக்க வேண்டும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதைத் தள்ளிப்போட முடியாது. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இந்தக் கவனிப்புதான்.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளைச் சவாரிக்குப் பழக்குவதும் உண்டு. கடிவாள வாரை இறுக்கினால் அதில் சாய்ந்துகொண்டு வேகம் எடுக்கவே அவை ஓட்டக்காலத்தில் கற்றிருக்கும். அவற்றின் மேல் இருக்கும்போது நிறுத்துவதற்காகப் பதறி இழுத்தால் பலன் இல்லை. மூச்சை விட்டு, இடுப்பைத் தளர்த்தி, கைகளை மென்மையாக்க வேண்டும். அலுவலகக் கவலையை லாயத்துக்குள் கொண்டுபோனால் குதிரை முதுகிலேயே அதை உணர்ந்துவிடும்.

குதிரையேற்றம் நம்மவர்களுக்குச் சம்பந்தமில்லாதது என்று சிலர் சொல்வது எனக்கு வருத்தம் தருகிறது. தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், நாம் சாப்பிடப் போகும் ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் கொடுத்ததே ஃபேரர் பார்க் பந்தயத் திடல்தான். 1843இல் அங்கே தொடங்கிய பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கும் பின்னர் கிராஞ்சிக்கும் போய், 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசி ஓட்டத்தோடு முடிந்தது. பந்தயம் போனாலும் சவாரிப் பள்ளிகள் இருக்கின்றன.

கணினி காத்திருக்கும். பாதியில் நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். அதனால் வாரநாள் இரவுகளில் கிடைக்கும் துண்டு நேரம் அதற்குப் போதும். என் மாமா தொண்ணூறுகளில் தட்டச்சு செய்து வைத்த மேடை நாடகங்களை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்து எழுத்துருக்கள் பலவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் அட்டவணை. 'கொ' என்ற எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று துண்டாகச் சேமித்திருக்கும். யூனிகோடில் ககரம் முதலில் வந்து, உயிர்க்குறி அதன் பின்னால் வர வேண்டும். இந்த வரிசையைத் திருப்பிப்போட ஒரு சிறிய பைத்தான் நிரல் எழுதினேன். குழம்பிக் கிடந்த குறிகளுக்குள்ளிருந்து மாமாவின் வசனம் ஒரு வரி எழுந்து வந்தபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையம் ஏறியபோது தமிழுக்கு வழி செய்தவர் இவ்வூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997இல் தமிழ் இணைய மாநாடும் இங்கே நடந்தது. அந்த ஊரில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

செடிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலையும் பண்டானும் இருக்கின்றன, அம்மா பார்த்துக்கொள்கிறார்.

ஆகவே காத்திருக்காத ஆசை ஒன்றே ஒன்று இருக்கட்டும்; அதற்கு முதலில் நேரம் ஒதுக்குங்கள். காத்திருப்பவை எத்தனை இருந்தாலும் மிச்ச நேரத்தில் அடங்கிவிடும். செலவு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை: குதிரைப் பாடம் மலிவானதல்ல. சாமான் எதுவும் வாங்குவதற்கு முன் ஒரு பாடம் போய்ப் பாருங்கள். தலைக்கவசம் கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முழுநீளக் கால்சட்டையும், சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் பாதம் நழுவிப் போகாதபடி சிறு குதிகால் வைத்த காலணியும் உங்களிடமே இருக்கும்.