அட்டைப்பெட்டியில் 144, பாதித் திரையில் 60: அல்ட்ராவைடு மானிட்டர் கேள்வி-பதில்

கேள்வி: 49 அங்குல அல்ட்ராவைடு (சாதாரணத் திரையைவிட மிக அகலமான) மானிட்டர் வாங்கினேன். மைக்ரோசாஃப்டின் இலவச மென்பொருளான ஃபேன்சிசோன்ஸ் வைத்துத் திரையை இரண்டாகப் பிரித்தேன். பிரவுசரும் சாட்டும் சொன்ன இடத்தில் நிற்கின்றன. கேமை முழுத்திரையில் திறந்தால் மட்டும் இரண்டு பாதியையும் பிடித்துக்கொள்கிறது. மானிட்டரில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. ஃபேன்சிசோன்ஸ் போடுவது விண்டோக்களை அடுக்குவதற்கான கோடு மட்டுமே. விண்டோஸைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது 5120×1440 அளவுள்ள ஒரே திரை. கேம் முழுத்திரை கேட்டால் அந்தத் திரை முழுவதையும் கொடுத்துவிடும். மானிட்டர் கம்பெனிகள் இலவசமாகத் தரும் திரை பிரிக்கும் மென்பொருள்களும் இந்த வகைதான்.

இரண்டு வழி இருக்கிறது. முதல் வழியில் கேமை விண்டோவாக ஓட்ட வேண்டும். டிஸ்பிளே மோடை 'விண்டோ' ஆக்கி, ரெசல்யூஷனை 2560×1440 என்று கொடுங்கள். 'பார்டர்லெஸ்' என்று தேர்ந்தெடுத்தால் பல கேம்கள் மறுபடியும் முழு அகலத்துக்கு விரிந்துவிடும். சாதாரண விண்டோவில் வேறு தொல்லை உண்டு: தலைப்புப் பட்டையும் உயரத்தில் சேர்வதால் படத்தின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடும். 'பார்டர்லெஸ் கேமிங்' போன்ற சிறிய மென்பொருளால் அந்தப் பட்டையை நீக்கி, இடப் பாதி என்றால் கிடைமட்ட நிலை 0, வலப் பாதி என்றால் 2560 என்று கொடுங்கள். டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வையுங்கள். மவுஸ் பக்கத்துப் பகுதிக்கு நழுவினால், கேம் செட்டிங்கில் மவுஸை விண்டோவுக்குள்ளேயே பூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வழியில் இன்னொரு லாபமும் உண்டு. கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டிய பிக்சல்கள் பாதியாகிவிடும்: 73 லட்சத்துக்கு மேல் இருந்தது சுமார் 37 லட்சமாகக் குறையும்.

இரண்டாவது வழி பிக்சர் பை பிக்சர், சுருக்கமாக பிபிபி. பல அல்ட்ராவைடு மானிட்டர்களின் மெனுவிலேயே இருக்கும். ஒரே கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு கேபிள்களை மானிட்டரின் இரண்டு இன்புட்களில் செருகி, பிபிபியை இயக்குங்கள். விண்டோஸ் இப்போது இரண்டு தனி மானிட்டர்களைப் பார்க்கும். டிஸ்பிளே செட்டிங்கில் 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுத்து, கேம் வரவேண்டிய பாதியை முதன்மைத் திரையாக்குங்கள். முழுத்திரை கேம் அந்தப் பாதியோடு நிற்கும், மவுஸையும் பெரும்பாலான கேம்கள் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். ஸ்பீக்கரில் எந்த இன்புட்டின் ஒலி வரவேண்டும் என்பதையும் மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. மூன்றாவது கடிதத்தின் பதிலில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: திரையை இரண்டாகப் பிரிக்க எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்கினேன். இரண்டு பாதியிலும் ஒரே படம் வருகிறது.

பதில்: ஒரே படத்தை இரண்டு இடத்துக்கு நகலெடுப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை. திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் வேகம்), அடாப்டிவ் சிங்க் (அந்த வேகம் கேமுக்கு ஏற்ப மாறுவது), எச்டிஆர் (ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுவது), பிபிபி என்று நான்கும் பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தன. பிபிபி போட்டதும் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் தேர்வே இல்லை. மற்ற இரண்டும் மெனுவில் தேர்ந்தெடுக்க முடியாமல் மங்கலாகிவிட்டன. விற்றவர் "எல்லா மானிட்டரும் இப்படித்தான்" என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். தவறு உங்களுடையது அல்ல.

பிபிபியில் நடப்பது இதுதான். மானிட்டருக்குள் இருக்கும் ஸ்கேலர் சிப், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு சிக்னல்களை வாங்கி, நினைவகத்தில் வைத்து, ஒரே பேனலுக்கு ஏற்ற ஒரே படமாகக் கோர்க்கிறது. பேனலுக்கு ஒரு சமயத்தில் ஒரு ரெஃப்ரெஷ் ரேட்தான், அதாவது ஒரு ஹெர்ட்ஸ் எண்தான், இருக்க முடியும். இடப் பாதி கேமின் வேகத்துக்கும் வலப் பாதி வீடியோவின் வேகத்துக்கும் அது ஏறி இறங்க முடியாது. அதனால் அடாப்டிவ் சிங்க் போய்விடுகிறது. இரண்டு வேகமான சிக்னல்களைச் சேர்த்துக் கையாளும் திறன் பல ஸ்கேலர்களுக்கு இல்லாததால் 60 ஹெர்ட்ஸ் வரம்பு வருகிறது. எச்டிஆரும் பெரும்பாலும் இதே காரணத்தால் அணைக்கப்படுகிறது. வேகத்தைக் குறைக்காத மாடல்களும் சில உண்டு. ஆகவே "எல்லாமே இப்படித்தான்" என்பதும் சரியல்ல.

தொழில்நுட்ப வரம்பு இருப்பதை நான் குறை சொல்லவில்லை. அதை மறைத்து விற்பதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு மானிட்டரிலும் இந்த வரம்பு கையேட்டின் பின்பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில்தான் இருந்தது. நான்கு வசதிகளை ஒரே வரிசையில் அச்சிட்டால், நான்கும் சேர்ந்தே வேலை செய்யும் என்றுதான் எவரும் புரிந்துகொள்வார்கள். எச்டிஎம்ஐ 2.1 முத்திரையும் இப்படித்தான். அந்தத் தரநிலையில் நொடிக்கு 48 ஜிகாபிட் வேகம் உட்படப் புதிய வசதிகள் எல்லாமே விருப்பத்துக்கு உட்பட்டவை. பழைய 2.0-க்கு உரிய 18 ஜிகாபிட் மட்டுமே உள்ள போர்ட்டையும் 2.1 என்று விற்கலாம் என்பது 2021 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. எண்ணைப் பார்த்து வாங்குகிறவருக்கு அந்த எண் எதையும் உறுதி செய்வதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: பெட்டியைப் படமெடுங்கள். நீங்கள் வாங்கிய விற்பனைப் பக்கத்தை, அவர்கள் மாற்றுவதற்குள், முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்பிளே பக்கத்தில் 60 மட்டும் தெரிவதையும் எடுங்கள். மூன்றையும் சேர்த்து, "விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லை" என்று எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசினால் சாட்சி இருக்காது. திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் இது நடக்க வேண்டும்.

இன்னும் வாங்காதவர்களுக்கு: தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் கையேடு இருக்கும். இறக்கிக்கொண்டு 'பிபிபி' என்று தேடுங்கள். ஒவ்வொரு பாதிக்கும் எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ், எந்த இரண்டு இன்புட்கள் சேரும் என்று அட்டவணை இருக்கிறதா எனப் பாருங்கள். அந்த அட்டவணை இல்லாத மாடலை, பிரித்துப் பயன்படுத்துவதற்காக வாங்காதீர்கள்.

கேள்வி: என்னுடையது 34 அங்குலம், 3440×1440. பிபிபியில் ஒரு பக்கம் பிஎஸ்5, ஒரு பக்கம் கம்ப்யூட்டர். கேம் படம் குட்டியாகி மேலும் கீழும் கறுப்பாக இருக்கிறது.

பதில்: உங்கள் திரையின் பாதி 1720×1440. பிஎஸ்5 எப்போதும் 16:9 (சாதாரண டிவியின் அகல-உயர விகிதம்) படத்தையே அனுப்பும். அந்த அகலத்துக்குள் அது 1720×967 ஆகச் சுருங்கும், மீதி 473 வரிசைகள் கறுப்பு. செட்டிங்கில் எதை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. பிபிபியை அணைத்துவிட்டு, மானிட்டர் மெனுவில் ஆஸ்பெக்ட் ரேஷியோவை 'வைடு' அல்லாமல் 'ஒரிஜினல்' என்று வைத்து விளையாடுங்கள். இருபுறமும் 440 பிக்சல் கறுப்பு இருக்கும், படம் முழு உயரத்தில் வரும். கம்ப்யூட்டர் கேம் என்றால் விண்டோ வழியில் 2560 கேமுக்கு, மீதி 880 சாட்டுக்கு. அது தாராளமாகப் போதும். இரண்டு சரியான 16:9 பாதிகள் கிடைப்பது 32:9 திரையில்தான். முதல் கேள்வியின் 5120×1440 திரை அந்த வகை. அதில் ஒரு பாதி 2560×1440, பிஎஸ்5-க்கும் 2022 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து 1440பி, அதாவது அதே 2560×1440, உண்டு.

கேள்வி: பிபிபியில் இடப் பாதியில் கேம் நன்றாக ஓடுகிறது, வலப் பாதிக்கு நகர்த்தினால் திணறுகிறது.

பதில்: வலப் பாதியின் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கும். கழற்றி கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள்.

கேள்வி: லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போக மலிவாக ஒரு அடாப்டர் வாங்கினேன். சிக்னலே இல்லை. வேறு பிராண்டும் வாங்கிப் பார்த்தேன். அதுவும் அப்படியே.

பதில்: முதலாவது வேலை செய்யாதபோதே காரணத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த மலிவு அடாப்டர்கள் டிஸ்பிளேபோர்ட் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து எச்டிஎம்ஐ உள்ள திரைக்குப் போக மட்டுமே. எதிர்த்திசைக்கு, சிக்னலை மாற்றும் சிப் உள்ள ஆக்டிவ் அடாப்டர் வேண்டும். அதில் பெரும்பாலும் மின்சாரத்துக்காகத் தனியே ஒரு யூஎஸ்பி வால் தொங்கும். விற்பனைப் பக்கத்தில் 'எதிலிருந்து எதற்கு' என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கேள்வி: விண்டோவில் கேம், பக்கத்தில் வீடியோ. ஜி-சிங்க் (என்விடியாவின் அடாப்டிவ் சிங்க்) போட்டிருக்கிறேன். வீடியோ விட்டு விட்டு ஓடுகிறது, சில சமயம் திரையே மினுக்குகிறது.

பதில்: என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கை 'விண்டோ மற்றும் முழுத்திரை' என்று வைத்திருப்பீர்கள். கேம் 70 பிரேமுக்கு இறங்கினால் பேனல் முழுவதும் 70-க்கு இறங்கும், வீடியோவும் மாட்டிக்கொள்ளும். 'முழுத்திரை மட்டும்' என்று மாற்றுங்கள். கேமின் பிரேம் ரேட்டை அது தடுமாறாமல் தொடும் எண்ணில் நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: எப்போதும் பாதி கேம், பாதி வேலை. எந்த அல்ட்ராவைடு வாங்கலாம்?

பதில்: எப்போதும் பிரித்தே வைப்பதென்றால் 27 அங்குலத்தில் இரண்டு மானிட்டர்கள் வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் முழு ஹெர்ட்ஸ், தனி அடாப்டிவ் சிங்க் கிடைக்கும்.

கேள்வி: லினக்ஸில் வழி உண்டா?

பதில்: ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் உருவாக்கிய கேம்ஸ்கோப் என்ற மென்பொருள். 2560×1440 அளவில் அதைத் திறந்து, உள்ளே கேமை ஓட்டுங்கள். கேம் முழுத்திரையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஓஎல்இடி அல்ட்ராவைடை நிரந்தரமாகப் பிரித்து வைத்தால் கறை விழுமா?

பதில்: அபாயம் உண்டு. தினமும் ஒரே இடத்தில் கோடு, ஒரே இடத்தில் டாஸ்க்பார், ஒரு பக்கம் கறுப்பு என்றால் பிக்சல்கள் சமமாகத் தேயாது. கேமை ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம் என்று மாற்றுங்கள். வேலைப் பகுதிக்கு இருண்ட தீம் வையுங்கள். வேலை முடிந்ததும் சுவிட்ச்போர்டில் அணைக்காமல் ஸ்டாண்ட்பையில் விடுங்கள், பிக்சல்களைச் சரிசெய்யும் சுழற்சி அப்போதுதான் ஓடும். வாரண்டி அட்டையில் 'பர்ன்-இன்' (இந்தக் கறையின் ஆங்கிலப் பெயர்) பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு, பதிலைப் பில்லோடு சேர்த்து வையுங்கள்.