பழைய மில் நிலத்தில் வீடு: கேள்வி பதில்

சென்னை பெரம்பூர், புளியந்தோப்பு பக்கம், பின்னி மில் வட்டாரத்தில் வீடு வாங்குவோரும் குடியிருப்போரும் கேட்டவை.

கே: மில் நிலத்தில் ஃபிளாட் பார்க்கிறோம் சார். முதலில் எதைக் கேட்பது?

ப: தொழிற்சாலை மண்டலம் குடியிருப்பாக மாறியது சர்வே எண்ணோடு அரசிதழில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ரெரா எண், அதாவது வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில் பதிந்த எண். ஒப்பந்தம் பதிவாகாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் வாங்க பில்டருக்குச் சட்டத்தில் இடமில்லை.

கே: மழைக்குத் தண்ணீர் நிற்குமா?

ப: ஓட்டேரி நல்லா என்ற கால்வாய்ப் பக்கம் தாழ்வான பகுதி. 2015-ல் எதுவரை வந்தது என்று தெருக்காரர்களிடம் கேளுங்கள்.

கே: கோவையில் மில் நிலம்?

ப: அது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எல்லையில் இல்லை. அங்குள்ள நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: அடுக்ககத்தை ஒட்டிய பூங்காவுக்குப் போனால் வாட்ச்மேன் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் ஃபிளாட் நம்பர் கேட்கிறார். சரியா?

ப: அது ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கிய நிலம் என்றால் தவறு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பதிலுக்குப் பணம் கட்டித் தப்ப முடியாது. ஒப்புதல் வரைபடத்தில் அந்தத் துண்டைத் தனியாகக் கோடிட்டு, ‘ஓ.எஸ்.ஆர்.’ என்று அளவோடு எழுதியிருப்பார்கள். வரைபட நகலையும் தானப் பத்திர நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். கையில் கிடைத்ததும் மாநகராட்சியின் 1913-ல் புகார் கொடுங்கள்.

கே: அந்த அடுக்ககத்தில்தான் இருக்கிறேன். பராமரிப்புச் செலவு எங்களுடையது. யார் வேண்டுமானாலும் வந்தால் பாதுகாப்பு?

ப: உங்கள் பாதுகாப்புக்கு உங்கள் எல்லையில் சுவர் எழுப்புங்கள், பூங்காவைச் சுற்றி அல்ல. தானமாக எழுதிக்கொடுத்த நிலம் உங்கள் யூ.டி.எஸ்.ஸில் (ஃபிளாட்டோடு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கில்) சேராது. செடிக்குத் தண்ணீர் விட்டதால் உரிமை வந்துவிடாது.

கே: விலை கொடுத்து வாங்கிய எங்களுக்கு முன்னுரிமை கூடவா இல்லை?

ப: இல்லை அம்மா. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டவர்கள், 1921 வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தவர்கள் இந்தத் தெருக்காரர்கள். 1996-ல் மில் மூடியபோது வேலை போனதும் இவர்களுக்கே. அந்த மண்ணில் பொதுவாக மிஞ்சியது இந்தப் பத்து சதவீதம்தான். அதற்கும் பூட்டுப் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

கே: பில்டர் 20 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார், கொடுக்கலாமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். பதிவுக்கு முன் 10 சதவீதம், அவ்வளவுதான்.

கே: பூங்கா கேட் சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. பேசிப் பார்க்கவா?

ப: பேசுங்கள். தானப் பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.