மேசைமேல் வைத்த பால் ஏன் மாஸாகவில்லை?

அடுக்களைக் கேள்வி – பதில்

கேள்வி: அந்தக் காலத்தில் பாலைச் சும்மா மூடி வைத்தே அமாசி (மாஸ் என்றும் சொல்லும் தென்னாப்பிரிக்கப் புளித்த பால்) ஆக்கினார்கள் என்கிறார்கள். கடையில் வாங்கிய 2 லிட்டர் பாலை அப்படியே 2 நாள் மேசைமேல் வைத்தேன். கெட்டியானதென்னவோ உண்மை. ஆனால் வாயில் வைத்தால் கசப்பு, வாடையும் சரியில்லை. தவறு எங்கே?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: தவறு பாலில்தான். சூலு இன மக்களின் வீடுகளில் கறந்த பச்சைப் பாலை இகுலா என்னும் சுரைக்குடுக்கையிலோ, இம்வாபா என்னும் தோல்பையிலோ ஊற்றுவார்கள். போன தடவைப் புளிப்பு அதன் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவே உறை. நீங்கள் வாங்கியது பாஸ்ச்சரைஸ் செய்த பால். 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கும்போதே பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய எல்லாம் செத்துவிடும். சூட்டைத் தாங்கும் விதைவடிவக் கிருமிகளோ பிழைத்துக்கொள்ளும். அவை பாலின் புரதத்தைச் சிதைப்பதால்தான் கசப்பு. அந்தப் பால் புளிக்கவில்லை, கெட்டுப்போனது. கொட்டிவிடுங்கள், குழம்பில்கூடச் சேர்க்க வேண்டாம்.

அதற்காகப் பண்ணையில் பச்சைப் பால் வாங்கி முயல வேண்டாம். மாட்டுக் காசநோய், புருசெல்லா கிருமிகள் புளிப்பில் சாகும் என்று நம்ப முடியாது. காய்ச்சிய பாலும் நல்ல உறையும் போதும்.

கொழுப்பு நீக்காத பால் 1 லிட்டர். அடி கனத்த பாத்திரத்தில் ஒரு கொதி விட்டு இறக்கி, 25 டிகிரிக்கு ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். லேசாகச் சில்லென்று இருக்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்றும் வெதுவெதுப்பு இதற்கு அதிகம். கடை அமாசி 50 மில்லி, அதாவது 3 மேசைக்கரண்டி, நன்றாக அடித்துக் கலக்குங்கள். உயிருள்ள நுண்ணுயிர் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புளித்தபின் மறுபடி சூடாக்கி அடைத்தது உறையாகாது. கண்ணாடி ஜாடியில் ஊற்றி, இறுக்காமல் மூடி, 22 முதல் 25 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். ஜாடியைச் சாய்த்தால் ஒரே கட்டியாகச் சுவரை விட்டு விலகி, ஓரத்தில் தெளிந்த நீர் கசிய வேண்டும். அதன்பின் ஒரு இரவு ஃப்ரிட்ஜில் இருந்தால் புளிப்பும் கெட்டியும் சேர்ந்துவரும்.

வழவழப்பு வேண்டுமானால் பாலை 85 டிகிரியில் 10 நிமிடம் வைத்துவிட்டு ஆற்றுங்கள். குடுக்கையில் செய்ததுபோல் கட்டி வேறு, நீர் வேறாகப் பிரிய வேண்டுமானால், பாஸ்ச்சரைஸ் செய்த பாலைத் திரும்பக் காய்ச்சாமல் உறை ஊற்றி, ஆனபின் மெல்லிய துணியில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். அதிகம் சூடான பாலின் புரதம் நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். வடிந்த நீரை, சூலுவில் உம்லாசா என்பதை, ரொட்டி மாவு பிசையப் பயன்படுத்தலாம். அதன் பச்சைச் சாயலைக் கண்டு பயப்பட வேண்டாம், அது பாலிலுள்ள ரைபோஃபிளேவின்.

கேள்வி: தயிரையே உறையாக ஊற்றினால் என்ன?
– வாசகர், டோங்காட்

பதில்: கிடைப்பது தயிர்தான். தயிர் உறைக்கு 40 டிகிரிக்கு மேலான சூடு பிடிக்கும். அமாசி உறை அந்தச் சூட்டில் முடங்கிவிடும். தயிரில் தண்ணீர் விட்டுக் கடைந்தால் நம் மோர். அமாசியில் தண்ணீர் விடுவதில்லை, குலுக்கினாலே குடிக்கும் பதம்.

கேள்வி: ஜூன் குளிரில் 30 மணி நேரம் ஆகியும் பால் பாலாகவே இருக்கிறது. உறையைக் கூட்டட்டுமா?
– வாசகி, லெனேசியா

பதில்: கூட்ட வேண்டாம், குளிரில் அதுவும் தூங்கத்தான் செய்யும். உங்கள் ஊர் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்கால இரவுகள் உறைநிலையைத் தொடுபவை. கூலர் பாக்ஸில் ஜாடியை வைத்து, பக்கத்தில் 40 டிகிரி வெந்நீர் நிரப்பிய பாட்டில் ஒன்று. காலையும் மாலையும் நீரை மாற்றுங்கள். பாட்டில் ஜாடியைத் தொடாதபடி இடையில் துண்டு ஒன்று. ஜன்னல் திட்டு பகலில் கொதிக்கும், இரவில் உறையும். (1961-ல் தலைமறைவாக இருந்த மண்டேலா ஜோகன்னஸ்பர்கின் வெள்ளையர் பகுதி ஒன்றில் ஜன்னல் திட்டில்தான் பாலைப் புளிக்க வைத்தார். ‘நம் பால் இங்கே என்ன செய்கிறது’ என்று வெளியே யாரோ சூலுவில் பேசியது காதில் விழ, அந்த வீட்டை விட்டே கிளம்பிவிட்டார்.)

கேள்வி: ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழில் மாஸ் சேர்த்ததும் துகள்துகளாகத் திரிந்துவிட்டது.
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கூழ் சுடச்சுட இருந்திருக்கும். புளித்த பாலின் புரதம் சூடு பட்டால் சுருங்கி நீரைக் கக்கிவிடும், பன்னீர் செய்வது போலத்தான். மீலி மாவு (மக்காச்சோள மாவு) 500 கிராமை 1 லிட்டர் நீரில் முதல் நாளே கரைத்துப் புளிக்கவிடுங்கள். மறுநாள் 3 லிட்டர் கொதிநீரில் ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறி, சிறு தீயில் அரை மணி நேரம் வேகவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்குக் கீழே ஆறட்டும். 1 லிட்டர் மாஸைத் தனியே அடித்து, அதில் இரண்டு கரண்டி கூழைக் கலந்து, பிறகு எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் கடைசியில். அண்டாவில் செய்பவர்கள் ஆற விடும் நேரத்தைக் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். 20 லிட்டர் கூழ் ஆற மணிக்கணக்காகும். வரிசை நிற்கும் நேரத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு அடுப்பை மூட்டுங்கள்.

கேள்வி: ஒரே உறையை எத்தனை தடவை ஓட்டலாம்?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: நாலைந்து தடவை. அதற்குமேல் ஈஸ்ட் ஏறி, புளிப்பு முந்தும், மணம் பிந்தும். அடிமண்டியில் எடுக்காமல், ஜாடியைத் திறந்த முதல் நாளே உறைக்கு வேண்டியதைச் சுத்தமான கரண்டியால் தனியே எடுத்து வையுங்கள். ஐஸ் தட்டில் உறையவைத்தால் ஒரு மாதம் தாங்கும். கட்டி முழுதும் பஞ்சுபோல் காற்றுத்துளைகள், இளஞ்சிவப்புப் புள்ளி, பூஞ்சை இவற்றில் எது கண்டாலும், மேலே வழித்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கலாமே என்று பார்க்காதீர்கள். மொத்தத்தையும் கொட்டிவிட்டு ஜாடியைக் கழுவுங்கள்.