ஏழு கேள்விகள் எங்கே போயின?

அம்மா, நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டேன். "பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம், நாலு வருஷம் நர்சிங், ஆஸ்பத்திரியில ரெண்டு வருஷ அனுபவம். இவளுக்கு இங்கிலீஷ் காதுல விழுந்தா புரியாதா சார்?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஆங்கிலத் திறனை 9-க்கு மதிப்பிடும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் ரீடிங் 7.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6.5 வாங்கிய பெண் லிசனிங்கில் மட்டும் மூன்று தடவையும் 6-லேயே நிற்கிறாள் என்றால் வீட்டில் எல்லோருக்கும் குழப்பமாகத்தான் இருக்கும்.

முதலில் கணக்கைச் சரியாகப் பார்த்துக்கொள்வோம். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய அங்குள்ள என்.எம்.சி. என்ற நர்சிங் கவுன்சில் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் தனித்தனியே 7, ரைட்டிங்கில் 6.5 கேட்கிறது. மொத்தம் 7 வந்தாலும் ஒன்றில் குறைந்தால் குறைந்ததுதான். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்த்துக் காட்ட அனுமதி உண்டு. ஆனால் அந்த இரண்டிலும் லிசனிங் 6.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. உங்கள் மகளின் மூன்று 6-ம் இந்தச் சலுகைக்குள்ளும் வரவில்லை.

இப்போது நல்ல செய்தி. லிசனிங்கில் நான்கு பகுதிகள், மொத்தம் 40 கேள்விகள். ஏறக்குறைய 23 சரியாக இருந்தால் 6, ஏறக்குறைய 30 சரியாக இருந்தால் 7. வினாத்தாளைப் பொறுத்து ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும். ஆக, உங்கள் மகளுக்கும் அந்த வேலைக்கும் நடுவே நிற்பது ஏழே ஏழு கேள்விகள். 'இங்கிலீஷே வரவில்லை' என்று வீட்டில் பேசுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அந்த ஏழு எங்கே போகிறது என்று தேடுவதுதான் வேலை.

அதற்காகத்தான் அவள் எழுதிப் பார்த்த நான்கு மாதிரித் தேர்வுகளின் விடைத்தாள்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நான்கிலும் சேர்த்து 66 தவறுகள். ஒவ்வொன்றாகப் பிரித்தேன். 17 இடங்களில் விடை அவள் காதில் சரியாகவே விழுந்திருக்கிறது, எழுதும்போது போயிருக்கிறது. அக்காமடேஷனில் ஒரு எம் குறைவு. 'டிக்கெட்ஸ்' என்பதில் கடைசி எஸ் இல்லை. இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதக் கூடாது என்ற கேள்விக்கு மூன்று வார்த்தை. இந்தத் தேர்வில் எழுத்துப் பிழைக்கு அரை மதிப்பெண் என்ற பேச்சே கிடையாது. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், அமெரிக்கன் ஸ்பெல்லிங் இரண்டையும் ஏற்பார்கள், பிழையான ஸ்பெல்லிங்கை ஏற்க மாட்டார்கள். ஒரு தேர்வுக்கு நான்கு கேள்வி இப்படியே போகிறது. ஏழில் நான்கு! இதற்குக் காதைப் பழக்க வேண்டியதே இல்லை. ஒரு குயர் நோட்டும் பத்து நாளும் போதும். தப்பிய வார்த்தையை எல்லாம் அதில் எழுதி, தினம் நீங்களே டிக்டேஷன் போடுங்கள். உங்கள் உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, இது ஸ்பெல்லிங்குக்கு மட்டும்.

அடுத்த 11 தவறுகள் எண்களிலும் எழுத்துகளிலும், பேசுபவர் மனசை மாற்றிக்கொள்ளும் இடங்களிலும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பிள்ளைகள் இங்கே ஏன் தடுக்கி விழுகிறார்கள் என்பதற்கு நம் ஊர்க் காரணமே இருக்கிறது.

முதல் பகுதியில் யாராவது பெயரையோ தெருவையோ எழுத்து எழுத்தாகச் சொல்வார்கள். 'ஈ' என்று காதில் விழுந்ததும் உங்கள் மகள் 'ஐ' எழுத்தைப் போட்டிருக்கிறாள். 'ஏ' என்றால் 'ஈ' எழுத்து. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இகரத்துக்கு ஐ எழுத்தையும் எகரத்துக்கு ஈ எழுத்தையும்தானே போட்டுப் பழகியிருக்கிறோம்? அவசரத்தில் கை அந்தப் பழைய வழியில் போய்விடுகிறது. ஜி, ஜே குழப்பமும் இப்படித்தான். தர்ட்டீன், தர்ட்டி விஷயம் வேறு. முதலாவதில் கடைசி அசையில் அழுத்தம் விழும், அது நீளும். இரண்டாவதில் முதல் அசையில் அழுத்தம், கடைசி சுருங்கும். நாம் இரண்டையும் ஒரே மாதிரி அழுத்திச் சொல்லிப் பழகியதால் வித்தியாசத்தைக் காது தேடுவதே இல்லை. நாளைக்கு மருந்து அளவை 15 என்றா 50 என்றா கேட்டாள் என்பது வார்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்கே தெரியும்.

மனசு மாறும் இடத்துக்கு உங்கள் குரல் பதிவே உதாரணம். "புதன்கிழமை கூப்பிடுறேன் சார்... இல்ல இல்ல, புதன் இவளுக்கு நைட் டூட்டி, வியாழன் ஏழு மணிக்குக் கூப்பிடுறேன்" என்றீர்கள். நான் வியாழன் என்று குறித்துக்கொண்டேன், ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. தேர்வில் இதையே ஆங்கிலத்தில் சொல்வார்கள். உங்கள் மகள் முதலில் கேட்ட புதனை எழுதிவிட்டு, எழுதிய மகிழ்ச்சியில் அடுத்த வரியைக் கேட்காமல் விட்டுவிடுகிறாள். விடை கிடைத்ததும் பேனாவை வைத்துவிடக் கூடாது, அந்தப் பேச்சு முடியும் வரை காது அங்கேயே இருக்க வேண்டும்.

மீதி 38-ல் பாதி, மூன்றாம் பகுதியில் மாணவர்கள் ஆசிரியரோடு கலந்து பேசும் இடத்தில். ஒருவர் ஒரு யோசனை சொல்வார், இன்னொருவர் நயமாக மறுப்பார், யாருடைய கருத்து நின்றது என்று கேட்பார்கள். மற்றப் பாதி நான்காம் பகுதியில். அது ஒரே ஆள் பேசும் கல்லூரி விரிவுரை, நடுவில் இடைவெளியே இல்லை. அவள் தாளில் பாருங்கள், 33 தப்பு, 34 தப்பு, 35 தப்பு, பிறகு 36 சரி. ஒரு விடை போனதும் 'அய்யோ என்ன சொன்னார்' என்று அதையே நினைத்துக்கொண்டிருக்கையில் அடுத்த இரண்டும் ஓடிவிட்டன. போன பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டே நின்றால் பின்னால் வருவதும் போய்விடும். தவறாக எழுதினால் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆகவே ஏதோ ஒன்றை ஊகமாகக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். படித்தால் புரிகிற பெண்ணுக்குக் கேட்டால் ஏன் புரியவில்லை?

நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றோம், அம்மா. வகுப்பில் ஆசிரியர் பேசியதும், ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசுவதும் நம் ஊர் ஓசையில் வரும் ஆங்கிலம். தமிழில் ஒவ்வொரு அசைக்கும் அதற்குரிய நேரத்தைக் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலேயர் சில அசைகளை அழுத்திவிட்டு மற்றவற்றை விழுங்கிவிடுவார்கள். டெம்பரேச்சர் என்ற வார்த்தையை உங்கள் மகள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறாள், ஆனால் அவர்கள் வாயில் அது 'டெம்ப்ரச்ச'. கம்ஃபர்டபிள் 'கம்ஃப்டபிள்' ஆகிவிடும். கப் ஆஃப் டீ 'கப்பட்டீ'. ஃபிஷ் அண்ட் சிப்ஸில் அண்ட் இருக்கிற இடமே தெரியாது. தாளில் பார்த்தால் எல்லாம் ஒன்றாம் வகுப்பு வார்த்தைகள். காதில் அவை வேறு உருவத்தில் வருகின்றன, அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். டிக்கெட்ஸின் எஸ் தொலைவதிலும் இதற்குப் பங்கு உண்டு. புக்கு, ரோடு என்று கடைசியில் ஓர் உகரம் சேர்த்தே பேசுகிறவர்கள் நாம், வெறும் மெய்யோடு சட்டென்று முடியும் வார்த்தையின் வால் காதில் நிற்பதில்லை.

இதனால்தான் அந்தப் பயிற்சி மையத்தில் தினம் ஒரு டெஸ்ட் வைத்தும் பலன் இல்லை. காய்ச்சல்காரருக்கு மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் இறங்குமா? டெஸ்ட் அளந்து காட்டும், காதைப் பழக்காது. விடையைச் சரிபார்த்து, மதிப்பெண்ணைப் போட்டு, அடுத்த டெஸ்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். தப்பிய இடத்தில் என்ன ஓசை வந்தது என்று திரும்பிப் போய் யாரும் கேட்பதில்லை. பாடத்தின் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது.

நான் சொல்லும் முறை பழையது, கொஞ்சம் சலிப்பானதும்கூட. கேம்பிரிட்ஜ் வெளியிடும் மாதிரித் தேர்வுப் புத்தகம் ஒன்று போதும். ஒன்றில் நான்கு முழுத் தேர்வுகள் இருக்கும், பின்னால் பேச்சு முழுவதும் அச்சில் இருக்கும். ஒலிப்பதிவில் 30 அல்லது 40 விநாடி மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் எழுத முயற்சி செய்யட்டும். தெரியாத இடத்தில் கோடு போட்டுவிட்டு, ஐந்து தடவை வரை திரும்பக் கேட்கலாம். அதற்குப் பிறகுதான் பின்பக்கத்தைத் திறக்க வேண்டும். விட்ட இடங்களைச் சிவப்பில் எழுதி, அந்த வார்த்தை பதிவில் பேசுபவர் வாயில் எப்படி ஒலித்தது என்று பக்கத்தில் தமிழிலேயே எழுதி வைக்கட்டும், நான் மேலே 'கப்பட்டீ' என்று எழுதிய மாதிரி. யாரும் சிரிக்க மாட்டார்கள். கடைசியாக, பதிவை ஓடவிட்டு அவரோடு சேர்ந்தே அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்த ஓசை காதுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

ஒரு நாளைக்கு அந்த 40 விநாடிக்கே முப்பது நிமிடம் ஆகும். முதல் வாரம் எரிச்சல் வரும், 'இதுக்கு ஒரு டெஸ்ட்டே எழுதிடலாம்' என்பாள். விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் பஸ்ஸில் இயர்போனில் புதிதாக எதுவும் வேண்டாம், அன்று காலையில் பிரித்த அதே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் போதும். நைட் டூட்டி முடிந்த அன்றைக்கு லீவு. தூக்கக் கலக்கத்தில் செய்யும் பயிற்சி வீண். முழுத் தேர்வு இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம்.

இந்தப் புத்தகம் அலுத்தால் பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' நல்லது. ஆறு நிமிடம், எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கும். சப்டைட்டிலோடு ஆங்கிலப் படம் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. பார்க்கட்டும், ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் எழுத வேண்டாம். திரையில் எழுத்து ஓடினால் கண் படிக்கும், காது ஓய்வெடுத்துக்கொள்ளும்.

கணினியில் எழுதப் போவதாகச் சொன்னீர்கள். அப்படியானால் ஒரு விஷயம். தாளில் எழுதுகிறவர்களுக்கு, கேட்டு முடித்தபின் விடைகளை மாற்றி எழுத 10 நிமிடம் உண்டு. கணினியில் சரிபார்க்க 2 நிமிடம்தான். அதனால் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்யும் பழக்கம் இப்போதே வர வேண்டும். போனில் டைப் செய்வது கணக்கில் சேராது, பக்கத்து வீட்டுத் தம்பியின் லேப்டாப்பை இரண்டு வாரம் வாங்கிக் கொடுங்கள்.

அப்புறம், ஓ.இ.டி. தேர்வுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது மருத்துவத் துறையினருக்கான தேர்வு, என்.எம்.சி. அதையும் ஏற்கிறது. லிசனிங்கில் பி கிரேடு, அதாவது 500-க்கு 350 வேண்டும். 42 கேள்விகளில் 24 நோயாளியோடு நடக்கும் உரையாடலைக் கேட்டுக் குறிப்பை நிரப்புவது. விரிவுரைக் கூடத்து வரலாறும் புவியியலும் இருக்காது, எல்லாம் மருத்துவப் பேச்சுதான், அந்த வகையில் அவளுக்கு வசதி. ஆனால் அங்கேயும் ஒரே தடவைதான் ஒலிக்கும், அதே விழுங்கிப் பேசும் ஆங்கிலம்தான். நோயாளிகள் பாடப்புத்தக வார்த்தையில் நோயைச் சொல்ல மாட்டார்கள். வாந்தியை 'த்ரோயிங் அப்' என்பார்கள், கை கால் மரத்து ஊசி குத்துவதை 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்பார்கள். கட்டணமும் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட அதிகம். அதனால் இப்போதே பணம் கட்டிவிட வேண்டாம். ஆறு வாரம் காதுப் பயிற்சி முடியட்டும், பிறகு இரண்டிலும் ஒவ்வொரு மாதிரித் தேர்வு வீட்டிலேயே எழுதிப் பார்த்து முடிவு செய்வோம். என் ஊகம், ஸ்பெல்லிங்கும் எண்களும் சரியானாலே ஐஇஎல்டிஎஸ்ஸில் 6.5 தாண்டிவிடுவாள்.

ஏஜென்ட் அடுத்த மாதமே தேதி போடச் சொல்கிறார் என்றீர்கள். ஒரு மாதத்தில் காது மாறாது, நான்காவது 6 வந்து உட்காரும். மூன்று மாதம் கழித்து எழுதுகிறாள் என்று சொல்லிவிடுங்கள், தயக்கமாக இருந்தால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

வியாழன் ஏழு மணிக்கு நீங்கள் கூப்பிடும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதற்குள் அவள் மூன்று நாள் எழுதிய 40 விநாடித் துண்டுகள், சிவப்பு மையோடு, படம் எடுத்து எனக்கு வந்திருக்க வேண்டும். மதிப்பெண் எதுவும் அனுப்ப வேண்டாம்.