சவுக்குக் கழியில் எறும்பு மொய்ப்பது ஏன்?

வணக்கம். கடலூரில் வெட்டிய சவுக்கில் பட்டை உரித்ததும் வழுவழுப்பாக நீர் கசிகிறது, எறும்பு மொய்க்கிறது, பிறகு பூஞ்சை பிடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நோய் என்று பயப்படாதீர்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மரம் பருக்கிற அடுக்கு ஒன்று உண்டு. உரிக்கும்போது அதன் இளம் செல்கள் கிழிந்து சாறு வெளியே வருகிறது. பெரும்பகுதி தண்ணீர்தான், அதில் சர்க்கரை, அமினோ அமிலம், பொட்டாசியம் எல்லாம் கரைந்திருக்கும். வழுவழுப்புக்குச் செல்சுவரில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளும் காரணம். எறும்பும் பூஞ்சையும் தேடி வருவது அந்தச் சர்க்கரைக்குத்தான்.

பைன் போன்ற ஊசியிலை மரங்களின் சாற்றில் கோனிஃபெரின் என்ற பொருளும் உண்டு. 1874இல் ஜெர்மனியில் அதிலிருந்து வெனிலா மணம் தரும் வனிலினைத் தயாரித்தார்கள், எவ்வளவு அழகான வேதியியல்! சவுக்கு பார்க்க அப்படி இருந்தாலும் ஊசியிலை மரம் அல்ல, பூக்கும் தாவரம்தான்.

சரி, உரித்த அன்றே தேய்த்துக் கழுவி, தரையில் படாமல் காற்றோட்டமான நிழலில் அடுக்கி வையுங்கள்.